லட்டு இன்னும் தின்னவில்லை

…தலையைத்தான் முதலில் காட்ட வேண்டும், போன தடவை முதுகுப் பக்கத்தைக் காட்டியதுதான் பிழையாகிப் போயிருக்கும், பாம்பின் மேலுதட்டு ஓரமாகச் சூட்டை அறிகிற சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன என்று மகள் சப்னா சொல்லியிருந்தாள், அதனால் எலியின் தலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும், சூடு என்றால் எவ்வளவு, கை பொறுக்கிற சூடா, தேத்தண்ணிச் சூடா… சாலிஹ் பேசனுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. சுடுதண்ணிப் போத்தலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பொலித்தீன் பைக்குள் கட்டிப் போட்டிருந்த வெள்ளை எலி காலையில் கல்லுப் போலக் கிடந்தது, இப்போது மெத்தென்று ஆகி, பையோடு சேர்ந்து மெல்லப் புரண்டது. ஐம்பத்தெட்டு வயதில், பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து, மேல் மாடிக் குளியலறையில் குந்தியிருந்து, செத்த எலியைக் குளிப்பாட்டுகிற மனிதன் இந்தக் காத்தான்குடியில் இன்னொருவன் இருப்பானா? மீன் கழுவியது கிடையாது, சமைத்த சட்டியைக் கழுவியது கிடையாது, பெற்ற பிள்ளைக்கு ஒரு நாள் தலை முழுக வார்த்தது கிடையாது. சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் லொறி ஓட்டியவருக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம் இருந்தது… சரி, அதை விடு, தலை சூடாக இருக்கிறதா, இருக்கிறது, துவாயால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் இருந்தால் பிடிக்காதாம்.

எண்பத்து நாலு நாள். நோன்புப் பெருநாள் லீவு முடிந்து சப்னா பஸ் ஏறிய அன்று காலையில், அவள் கையால், ஒரேயொரு எலி தின்றது, அதற்குப் பிறகு இல்லை. எண்பத்து நாலு நாள் ஒரு உயிர் வெறும் தண்ணீரில் கிடக்குமா? லட்டு கிடக்கிறது. லட்டு என்று பேர் வைத்தவள் சப்னாதான், பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகிவிடுகிற பாம்பு, ஆபிரிக்காப் பக்கத்துச் சாதி, விஷம் கிடையாது. பேராதனையில் அவளோடு மிருக வைத்தியம் படித்த பிள்ளை ஒன்று அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. போர்டிங் வீட்டுக்கார அம்மா ஒரு நாள் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது கண்டுவிட்டா, கண்ட கையோடு ஒன்றில் பாம்பு, அல்லது நீ என்று சொல்லிவிட்டா, அதனால் பெருநாளைக்கு வரும்போது துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கண்டியிலிருந்து இவ்வளவு தூரமும் பஸ்ஸில் வந்திருக்கிறாள், பக்கத்து சீட்டில் இருந்த மனிசி வழியெல்லாம் அந்தப் பைமேலே சாய்ந்து நித்திரையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வாப்பா, ரெண்டு மூணு மாசம்தான், சோதின முடிஞ்சதும் நான் கொண்டுபோயிருவன், பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு எலி, வேற வேல ஒண்டும் இல்ல, என்றாள். அவர் ஓம் என்றார். பாம்பு என்றால் அவருக்குக் காலுக்குக் கீழே நிலம் வழுக்கும், ஆனாலும் ஓம் என்றார். அந்தப் பிள்ளை அவரிடம் நேரடியாக ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம்! எது வேண்டுமென்றாலும் உம்மாவிடம் கேட்பாள், உம்மா அவரிடம் சொல்லுவாள், பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போகும். அன்றைக்கு நேரே அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். யானைக்குட்டியைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்.

எலியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். இந்த மாடி சப்னாவின் கலியாணத்துக்கென்று கட்டியது, ஊர் வழக்கம் அது, பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் கடல் கடந்து போவதே இதற்காகத்தான், ஒவ்வொரு லீவிலும் ஒரு சுவர், ஒரு நிலை, ஒரு யன்னல் என்று எழுப்பி, கடைசியில் மாபிள் பதித்து, புதுமாப்பிள்ளைக்கென்று அலுமாரி கூடச் செய்தாகிவிட்டது. முதலில் குடிவந்தது லட்டு. யன்னலைத் திறந்தால் ஆறு தெரியும், வாவி என்று பாடப் புத்தகத்தில் எழுதுவார்கள், ஊரில் அதற்குப் பேர் ஆறுதான், அக்கரையில் படுவான்கரை வயல் வட்டைகள், இந்த ஆடிக் கச்சான் காற்றில் எல்லாம் வைக்கோல் நிறத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. யன்னலைச் சாத்தினார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். லட்டு மரக்கட்டைக்குப் பின்னால் சுருண்டிருந்தது, கபிலமும் கறுப்பும் கலந்த தோல், நடுவில் சிறிய தலை, இரண்டு கறுப்புக் கண். கண்ணை மூடத் தெரியாத பிராணி. நித்திரையா விழிப்பா என்று யாருக்குத் தெரியும். மகன், வா மகன், என்றார் அவர், தன் குரலைக் கேட்டுத் தானே வெட்கப்பட்டார், எலியின் தலையை மெல்ல மெல்ல அசைத்தார், நாக்கு வெளியே வந்தது, ஒருக்கா, இரண்டுதரம், யா அல்லாஹ், இந்த முறை தின்னப்போகிறது, கழுத்து எழும்பியது, எஸ் மாதிரி வளைந்தது, அவர் மூச்சை நிறுத்திவிட்டு இன்னும் கிட்டப் போனார், நெற்றி கண்ணாடியில் முட்டியது, டக். லட்டு தலையை உள்ளே இழுத்து உருண்டையாகிவிட்டது.

முடிந்தது. இனி அது இன்றைக்கு அசையாது.

இடுக்கியைக் கீழே வைத்தார். இதுதான் கடைசி எலி, றெஜிபோம் பெட்டியில் ஐசோடு அவள் கொண்டுவந்த எலிகளில் கடைசி. மற்றவை எல்லாம் முருங்கை மரத்தடியில். புதைக்கப் புதைக்கப் பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை தோண்டி எடுத்துத் தின்று, இப்போது மதிலில் ஏற முடியாத அளவுக்குக் கொழுத்துவிட்டது. போன கிழமை குசினித் தராசில் வைத்து நிறுத்தபோது லட்டு ஆயிரத்து இருநூற்று அறுபது கிராம், வந்தபோது ஆயிரத்து நானூற்று இருபது. நூற்றி அறுபது கிராம் போய்விட்டது, முள்ளந்தண்டு மேலால் துருத்திக்கொண்டு தெரிவது போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது, பார்த்துப் பார்த்துக் கண்ணே பழுதாகிவிட்டது. இதெல்லாம் சப்னாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த லட்டு பத்து நாளைக்கொரு தடவை ஒழுங்காகத் தின்கிறது. முதல் தடவை அவள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். லட்டு திண்டதா வாப்பா? ஓம் மகள், நல்லாத் திண்டது. ஏன் அப்படிச் சொன்னார்? யோசித்துச் சொன்னதல்ல, வாயில் தானாக வந்தது, தம்மாமிலிருந்து போனில் கதைக்கும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா வாப்பா என்று சின்னக் குரல் கேட்கும், நல்லாச் சாப்பிட்டன் மகள் என்று சொல்லிச் சொல்லி வந்த வாய்தானே. இரண்டாம் தடவை அதைவிட இலேசாக இருந்தது. மூன்றாம் தடவை அவள் கேட்காமலே, இந்த முற வால்தான் லேசில உள்ளுக்குப் போகல்ல, அர மணித்தியாலம் தொங்கிட்டு இரிந்திச்சி, என்று சோடித்துச் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நாலாம் தடவையும் சொன்னார். பொய்யும் ஒரு வீடு மாதிரித்தான், ஒரு சுவர் எழுப்பினால் கூரை போடாமல் விட முடியாது.

திங்கட்கிழமை அவளுக்குச் சோதனை, கடைசி வருஷச் சோதனை, ஐந்து வருஷப் படிப்பு அதில்தான் நிற்கிறது. இன்றைக்குச் சனி. சொன்னால் என்ன செய்வாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், பஸ் ஏறிவிடுவாள். இரண்டாம் வருஷத்தில் அவருக்கு நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்தபோது, யாரும் சொல்லாமலே மோப்பம் பிடித்து வந்து நின்றாள், வந்த பிறகுதான் தெரிந்தது ஒரு பாடத்தின் சோதனையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று. சொல்லாமல் விட்டு, அது செத்துப்போனால்? சோதனை முடிந்து துள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவாள், பெட்டியைத் திறப்பாள்… அதற்கு மேலே அவரால் நினைக்க முடியவில்லை. மனைவி அஸீமாவிடம் சொல்லி யோசனை கேட்கலாம் என்றால், அவ அந்தப் பேரைக் கூட வாயில் எடுக்க மாட்டா, அந்தச் சாமான் என்பா. அதிலும் நிஸ்மியா வந்துபோன நாளிலிருந்து கதையே வேறு. நிஸ்மியா அஸீமாவின் தங்கை, ஏறாவூரிலிருந்து பிள்ளைகளோடு வந்தவ, வெயிலில் வந்த களைப்பில் நேரே பிரிட்ஜைத் திறந்து ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்து, நாலு பிள்ளைகளும் கரண்டியோடு சுற்றி நிற்க, மூடியைக் கழற்றினா. உள்ளே வரிசையாக எலி. அந்தச் சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அன்று மாலையே பழைய பிரிட்ஜை ஆள் பிடித்து மேல் மாடிக்கு ஏற்றியாயிற்று. இன்றைக்கு அஸீமா ஏறாவூருக்குப் போயிருப்பதும் அந்தத் தங்கையைச் சமாதானம் பண்ணத்தான். அவ வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தார். எதை முடிப்பது?

ஒரு தடவை முடிக்கப் பார்த்தார். அதை நினைக்கக் கூடாது என்றுதான் நினைப்பார், ஆனாலும் அது வரும். மூன்று கிழமைக்கு முதல், மைத்துனன் மின்ஹாஜ் வந்து பெட்டியை எட்டப் பார்த்துவிட்டு, மச்சான், இது சாகப் போற சாமான், ஆத்தங்கரப் பத்தைக்குள்ள உட்டுட்டு வாங்க, மூடி சரியாப் பூட்டல்ல, ஓடிட்டு எண்டு புள்ளக்கிச் சொல்லுங்க, அவ என்ன, பொலிசுக்கா போகப்போறா, என்றான். பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து, தலையணை உறைக்குள் லட்டுவைப் போட்டு, மோட்டார் சைக்கிளின் முன்னால் கொழுவிக்கொண்டு அவர் ஆற்றங்கரைக்குப் போனார். தோணிகள் கரையில் கிடந்தன, தூரத்தில் ஒருத்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான், கண்ணாப் பத்தைக்குள் கொக்குகள். உறையின் வாயை அவிழ்த்துச் சாய்த்துப் பிடித்தார். வெளியே வரவில்லை. கையை விட்டார், அதுவரைக்கும் வெறும் கையால் அதைத் தொட்டதே இல்லை, கொளுக்கியாலும் துவாயாலும்தான் எல்லாம், கையை விட்டபோது அது கடிக்கவில்லை, சீறவில்லை, மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, மெல்ல இறுக்கி, சேட்டுக் கைக்குள் தலையைச் செருகிக்கொண்டது. வளவளப்பு இல்லை, ஈரமும் இல்லை, காய்ந்த, குளிர்ந்த, கனமான ஒன்று, இருட்டைத் தேடிக்கொண்டு அவருக்குள்ளேயே வந்தது. ஆபிரிக்காவில் பிறந்த சாதி, ஆற்றங்கரை நாய்களையும் உடும்புகளையும் அதற்கு என்ன தெரியும்? சீ, சாலிஹ், நீ என்ன மனிசன், என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு, ஒரு கையால் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அஸீமா கேற்றைத் திறந்து, எங்க போய்வாறீங்க விடியக்காலத்துல, என்று கேட்டபோது, மீன் பாக்கப் போனன், ஒண்டும் படல்ல, என்றார். இன்னொரு பொய்.

இப்போது கண்ணாடிக்கு முன்னால் அதே முழங்காலில் இருந்தபடி உருண்டையைப் பார்த்தார். இருட்டைத் தேடியது. சேட்டுக் கைக்குள் போனது. ஏன்? பயத்தில்தானே. அப்படியென்றால் இங்கேயும் பயமா? எண்பத்து நாலு நாளாகவா? சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே டியூப் லைட், வெள்ளை மாபிள், வெள்ளைச் சுவர், ஒரேயொரு குடைந்த மரக்கட்டை, அதுவும் இரண்டு பக்கமும் திறந்தது, எங்கே போய் ஒதுங்கினாலும் ஒரு பெரிய முகம் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். யாருடைய முகம்? அவருடையதுதான். காலையில் எழும்பியதும் வந்து பார்ப்பார், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்ப்பார், பள்ளிக்குப் போக முதலும் வந்த பிறகும் பார்ப்பார், ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை, டோர்ச் அடித்தும் பார்த்திருக்கிறார்… அப்போது ஏனோ தம்மாம் கேம்ப் ஞாபகம் வந்தது, முதன்முதலில் போய் இறங்கிய நாட்கள், இருபத்தெட்டு வயது, நீட்டு மண்டபம், தரையில் பொலித்தீன் விரித்துப் பெரிய தட்டு நிறையச் சோறு, ஒரு தட்டுக்கு எட்டுப் பேர், ஏழு நாட்டுக்காரர், எல்லாரும் புதியவனையே பார்ப்பார்கள், இவன் எப்படிக் குழைக்கிறான், எப்படி வாயில் வைக்கிறான் என்று. ஒரு பிடி கூட இறங்காது. எட்டு நாள் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக இருந்தார், கேம்ப் பொஸ் வருத்தம் என்று நினைத்து டொக்டரிடம் கூட்டிப்போனான், டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். ஒன்பதாம் நாள் லொறியை அவர் கையில் கொடுத்தார்கள். ரியாத் றோட்டில் ஒரு இடத்தில் நிறுத்தி, சீட்டுக்குப் பின்னாலிருந்த நித்திரைத் தட்டில் ஏறி, இரண்டு பக்கத் திரையையும் இழுத்து மூடினார். ஆள் நீட்டி நிமிரவும் இடமில்லாத பொந்து. அதற்குள் குந்தியிருந்து, ஒரு முழுக் கோழியையும் நாலு ரொட்டியையும் தின்றார். தின்றுவிட்டு அழுதார். அல்ஹம்துலில்லாஹ், வருத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை, யாரும் பார்க்காமல் இருந்தால் போதுமாக இருந்தது.

அவர் எழும்பினார். முழங்கால் மூட்டு சொடுக்கியது. கட்டிலுக்குக் கீழே ஹஜ்ஜுக்குப் போய்வந்த யாரோ கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டி கிடந்தது, சின்னக் கடுதாசிப் பெட்டி, இது போதுமா, சிறிசாக இருக்கிறதே, இல்லை, சிறிசாகத்தான் இருக்க வேண்டும், உடம்பில் நாலு பக்கமும் சுவர் முட்ட வேண்டும், கத்தியால் ஒரு பக்கத்தில் வட்டமாக வாசல் வெட்டினார். மரக்கட்டையைத் தூக்கிவிட்டுப் பெட்டியை உள்ளே வைத்தார். உருண்டையாகக் கிடந்த லட்டுவை வெறும் கையால் தூக்கி வாசலுக்கு முன்னால் வைத்தார், துவாயும் இல்லை, கொளுக்கியும் இல்லை, அதை அவர் பிறகுதான் கவனித்தார். லைட்டை அணைத்தார். அலுமாரியைத் திறந்தார், மேல் தட்டில் பெரிய கம்பளிப் போர்வை, கடைசி வரவில் கொண்டுவந்தது, வாயைப் பிளந்த புலி படம் போட்டது, வெளிநாடு போன வீடென்றால் அப்படி ஒன்று இருக்கத்தானே வேண்டும், இந்த ஊர் வெக்கையில் ஒரு நாளும் யாரும் போர்த்திக்கொண்டதில்லை. எலியை மறுபடி சுடுதண்ணியில் வைத்து, துடைத்து, பெட்டி வாசலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். மூடியைப் பூட்டினார். நாலு பக்கமும் தரை வரை விழும்படி போர்வையால் மூடினார். புலி அவரைப் பார்த்து வாயைப் பிளந்தது. பாத்துக்கோ, என்றார் அதனிடம். அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, மாடிப்படியில் இருந்தார்.

இருப்பதுதான் கஷ்டம். பாலைவன றோட்டில் பதினெட்டு மணித்தியாலம் ஓட்டியிருக்கிறார், இந்தப் படியில் பதினெட்டு நிமிஷம் இருக்க முடியவில்லை. ஒருக்கா எட்டிப் பார்த்தால் என்ன, போர்வையின் ஒரு மூலையை மட்டும்… கூடாது. குசினிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கலாமா, போனால் படி சத்தம் போடும். கீழே றோட்டில் பாண்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான், சனியன், இந்த நேரத்திலா. கச்சான் காற்று எங்கோ ஒரு தகரத்தை அடித்தது. தகரமா, இல்லை உள்ளேயா? காதைக் கதவில் வைத்தார். ஒன்றும் இல்லை. அப்படியே தின்னாவிட்டால் இன்றைக்குச் சொல்லிவிடுவது, திங்கட்கிழமை எழுதாவிட்டால் அடுத்த தடவை எழுதுவாள், ஒரு வருஷம்தானே, ஒரு வருஷமா, ஐந்து வருஷம் அந்தக் குளிரில் கிடந்து படித்த பிள்ளைக்கு என் பொய்யால் ஒரு வருஷமா… என்று எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தொப் என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து கடுதாசி உராய்கிற சரசரப்பு. அதற்குப் பிறகு அமைதி. கை தானாகக் கதவுப் பிடியில் போய் நின்றது, பிடி பாதி திரும்பியும்விட்டது. அஸருக்குப் பாங்கு சொன்னது அந்த நேரத்தில்தான். பிடியை விட்டார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படியில் கால் பதியாமல் இறங்கி, பள்ளிக்குப் போனார். மூன்றாவது றக்அத்தா நாலாவதா என்று தெரியாமல், முன்னால் நின்றவரைப் பார்த்துப் பார்த்துத் தொழுதார். சலாம் கொடுத்ததும் ஒரு உயிர் பசியாற வேண்டும் என்று கேட்டார், எந்த உயிர் என்று பேர் சொல்லவில்லை, பாம்புக்கு துஆக் கேட்கலாமா என்று மௌலவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளாதது பெரிய பிழை.

திரும்பி வரும்போது ஓடவில்லை, ஓடினால் ஊர் கேட்கும். மாடிக்கு ஏறி, இருட்டறைக்குள் நின்று, போர்வையின் மூலையை ஒரு விரல் அளவு தூக்கினார். எலி இல்லை. பெட்டியின் வாசலில் லட்டுவின் தலை, வாய் இன்னும் கொஞ்சம் கோணியிருந்தது, ஒரு ஓரத்தில் எலியின் வால் மட்டும், நூல் மாதிரி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போனது. லட்டு ஒரு பெரிய கொட்டாவி விட்டது. போர்வையை விட்டார். அப்படியே தரையில், வெள்ளை மாபிளில், சுவரோடு சாய்ந்து இருந்தார், எண்பத்து நாலு நாளாக நெஞ்சில் ஏறி இருந்த ஒன்று இறங்கி எழும்பிப் போனது, எவ்வளவு பாரமாக இருந்தது என்று அது போன பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு வந்தது, சத்தம் போட்டுச் சிரிக்கலாமா, கூடாது, பயந்து கக்கிவிடும், சாரனின் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது. திண்டுட்டு. அல்லாஹ்வே, திண்டுட்டு. கீழே இறங்கி வந்துதான் போனை எடுத்தார்.

“என்ன வாப்பா, இந்த நேரத்துல?” சப்னாவின் குரலில் பயம் தெரிந்தது, அவர் வழக்கமாக இரவு இஷாவுக்குப் பிறகுதான் எடுப்பார்.

“ஒண்டும் இல்ல மகள். லட்டு திண்டுட்டு.”

“ம். நல்லம்.”

அவ்வளவுதானா? அவளுக்கு அது பத்து நாளைக்கொரு தடவை நடக்கிற காரியம் அல்லவா. இத்தோடு போனை வைத்துவிடலாம். பொய்யெல்லாம் இன்றைக்கு மெய்யாகிவிட்டது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

“மகள், நான் உங்களுக்குப் பொய் சொன்னன். இண்டைக்கித்தான் திண்டது. நீங்க போன நாளையில இருந்து அது ஒண்டுமே திங்கல்ல.”

பேராதனையில் எங்கோ ஒரு குருவி கத்துவது கேட்டது.

“எனக்குத் தெரியும் வாப்பா.”

“என்ன?”

“முதல் கிழமையே உம்மா சொல்லிட்டா. பூன எலி திங்குது, அந்தச் சாமான் திங்குதில்ல எண்டு. இந்தச் சாதி அப்பிடித்தான் வாப்பா, சிலது ஆறு மாசமும் கிடக்கும். நிறையையும் உம்மாதான் பாத்துச் சொல்லுவா, நீங்க நிறுத்து எழுதின துண்டத் தராசுலயே வெச்சிட்டுப் போயிருவீங்களாம், போய்ப் பாப்பாவாம்.”

அஸீமாவா? “தெரிஞ்சும் ஏன் மகள் ஒண்டும் சொல்லல்ல?”

“நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்.”

ஆற்றங்கரைக் கதை தொண்டை வரைக்கும் வந்தது, வந்து நின்றுவிட்டது, அது இன்றைக்கு வேண்டாம், சோதனை முடியட்டும். அவள் எப்படித் தின்னவைத்தீர்கள் என்று கேட்டாள், அவர் பேரீச்சம்பழப் பெட்டியைச் சொன்னார், புலிப் போர்வையைச் சொன்னார், மாடிப்படியில் இருந்ததைச் சொன்னார். கேம்பைச் சொல்லவில்லை. அவள் சிரிக்கத் தொடங்கினாள், இது அவர் சோடித்துச் சொல்லி வாங்கிய சிரிப்பு மாதிரி இல்லை, வயிற்றிலிருந்து வந்தது. “அதுதானே வாப்பா, நீங்க அப்பிடிப் பாத்துக்கிட்டே இரிந்தா யாருக்குத்தான் தொண்டைக்குள்ள இறங்கும்?” என்றாள். சொல்லிவிட்டு, சரி வாப்பா, படிக்கணும், துஆச் செய்ங்க, என்று வைத்துவிட்டாள்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பகிடியாகத்தான் சொன்னாள். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனாலும்… நாலு வயது, ஐந்து வயது இருக்கும், இரண்டு வருஷத்துக்கொரு தடவை அவருக்கு நாற்பது நாள் லீவு, அந்த நாற்பது நாளும் அவர் செய்த வேலை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான், மூன்று நேரச் சாப்பாட்டிலும் எதிரில் இருந்து, ஒவ்வொரு பிடியையும் பார்ப்பார், பார்த்து நிரப்பிக்கொண்டு போக வேண்டுமே. பிள்ளை சோற்றைக் கன்னத்தில் அதக்கிவைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டே இருக்கும். கடைசியில் அஸீமா கோப்பையோடு அவளைக் குசினிக்குத் தூக்கிப் போய்விடுவா. பிள்ள என்னோட ஒட்டல்ல, என்று அவர் தம்மாமுக்குத் திரும்பிப் போய் எத்தனை நாள் அந்த நித்திரைத் தட்டில் கிடந்து யோசித்திருக்கிறார். போன பெருநாளைக்கு வந்தபோது கூட, பாதிச் சோற்றில், வயிறு நிறைஞ்சிட்டு வாப்பா, என்று எழும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் குசினியில் சட்டி மூடி சத்தம் கேட்டது. பூனையாக்கும் என்று நினைத்தார்.

கேற் திறந்தது. அஸீமா ஏறாவூரிலிருந்து வந்துவிட்டா, கையில் நிஸ்மியா கொடுத்தனுப்பிய கறிச்சட்டி, அப்போ சமாதானம்தான். அவர் முகத்தைக் கண்டதும், “அந்தச் சாமான் திண்டுட்டுப் போல,” என்றா. அவர் தலையாட்டினார். எல்லாவற்றையும் அறிந்துவைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒரு சொல் சொல்லாத மனிசியைப் பார்த்தபடி நின்றார். கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. “நீங்க திண்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமலே அவ கோப்பையில் சோறு போட்டு, இறால் கறியை ஊற்றி, மேசையில் வைத்தா. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருக்கப்போனவர் கதிரையைக் கொஞ்சம் திருப்பினார், யன்னல் பக்கமாக.

“என்ன, யன்னலப் பாத்துக்கிட்டு?”

“சும்மா. பழகிப் பாக்கன்.”

“என்னத்தப் பழகுற?” என்று கேட்டுக்கொண்டே அவ உள்ளே போனா. சோதனை இருபதாம் திகதி முடியும், இருபத்தோராம் திகதி பிள்ளை வந்துவிடும், இந்த மேசையில்தான் இருக்கும், இரண்டு மூன்று மாதம் காணாத முகத்தைப் பார்க்காமல் ஒரு மனிதன் எப்படிச் சோறு தின்பது, கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது, கறியிலா, யன்னலிலா… அவர் சோற்றைக் குழைத்தார். நல்ல பசி. ஒரு பிடி, இரண்டு பிடி, இறால் கறிக்கு நிஸ்மியாவை அடிக்க ஆளில்லை. மூன்றாவது பிடியை வாயில் வைத்தபோதுதான், கதிரையைத் திருப்பிப் போட்ட பிறகும், கழுத்தை வளைத்து, எதிரில் ஆளில்லாத கதிரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.